ஒன்ஸ் லாம்ப்பும் லேனி டன்னியின் அடுப்புச் சுவரும்

போன செவ்வாய்க்கிழமை மதியம், கீழத்தெருவில், நாமெல்லாம் டன்னி, அதாவது அத்தை, என்று கூப்பிடுகிற லேனி ஃபோர்டெய்ன் வீட்டுச் சமையலறைச் சுவரை அறுத்தெடுத்துப் போவதற்கு, ‘ஒன்ஸ் லாம்ப்’ பத்திரிகைக்காரர்கள் நாள் குறித்துவிட்டுப் போனார்கள். அறுக்கிற நாள், வருகிற வெள்ளிக்கிழமை. நடந்தது இது. நடந்ததை முதலில் போட்டு உடைத்துவிடுவது கடைக்காரன் பழக்கம். இனி முறைப்படி வணங்குகிறேன்.

வார்த்தை தவறாத வாய்க்கும், வாரம் தவறாத பிரசங்கத்துக்கும் சொந்தக்காரரான விழாத் தலைவர், போதகர் மத்தேயஸ் அவர்களே! ஆட்டு ரோமம் கத்தரித்தும் கல் உடைத்தும் இந்தக் காரல்ஸ்டிரிஃப் ஊரைக் கட்டி எழுப்பிய பெரியோர்களே! ஆட்டுக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது அடிப்பிடித்துவிடுமோ என்ற கவலையைக் கண்ணில் ஏந்திக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் விசிலடித்துக்கொண்டிருக்கும் ரக்பிச் சிங்கங்களே! மேலத்தெருவிலிருந்து பெரிய மனது பண்ணி ஆற்றைக் கடந்து வந்திருக்கும் பண்ணை முதலாளிகளே! முன்வரிசை மெத்தை நாற்காலியில் வீற்றிருக்கும் ஒன்ஸ் லாம்ப் ஆசிரியர் எல்மரி அம்மையார் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், பத்திரிகையைப் புதிதாக வாங்கியிருக்கும் கம்பெனியின் மேலாளர், மிஸ்டர் பிரெஸ்காட் அவர்களே! உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

மிஸ்டர் பிரெஸ்காட்டுக்கு நம் ஆஃப்ரிகான்ஸ் மொழி தெரியாது. எல்மரி அம்மையார்தான் அவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா, நான் மெதுவாகவே பேசுகிறேன். ஒரு வார்த்தையையும் விட்டுவிடாதீர்கள். இன்றைய தகராறே விட்டுப்போன ஒரு வார்த்தையைப் பற்றியதுதான்.

நான் பேச்சாளன் இல்லை. மாவு விற்று, மண்ணெண்ணெய் விற்று, உலர்ந்த பீச் பழம் விற்று மேலே வந்தவன். இன்று ஃபிலாண்டர் மொத்தக் கடை என்றால் மூன்று ஊருக்குத் தெரியும். ஊரே மாமா என்று, ஊம் கோபஸ் என்று கூப்பிடுகிறது. ‘பத்திரிகைக்குத் தொண்ணூறு வயது, அதன் வரலாற்றை வாழ்த்திப் பேசுங்கள்’ என்று அழைத்தார்கள். வாழ்த்துகிறேன். ஆனால் சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் நான் எதையும் வாழ்த்துவதில்லை!

வரலாறு என்ன? இந்த ஊரின் மேலத்தெருவில், தேவாலயத்துக்கு எதிரே, இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் ஒரு கம்பளி வியாபாரியும் சேர்ந்து ஓர் அச்சு இயந்திரத்தை இறக்கினார்கள். ஒன்ஸ் லாம்ப், அதாவது நம் விளக்கு, என்று பெயர் வைத்தார்கள். நாடே ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டிருந்த காலம். சமையலறையில் பேசுகிற பாஷை சபைக்கு ஆகாது என்று சிரித்த காலம். அந்தப் பாஷையில் கதை போட்டார்கள், கவிதை போட்டார்கள், கைக்குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால் என்ன கொடுக்கலாம் என்று போட்டார்கள். ரயிலில் ஏறியது விளக்கு. பண்ணைக்குப் பண்ணை போனது விளக்கு. வெள்ளிக்கிழமை வண்டி தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுகிற அளவுக்கு வீட்டுக்கு வீடு எரிந்தது விளக்கு!

நல்ல விளக்குதான். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்கிறேன்: அந்த விளக்கு யார் முகத்தில் வெளிச்சம் அடித்தது?

வாராவாரம் அட்டையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். ஒரே வெள்ளை நிறம், ஒரே சிரிப்பு, ஒரே சீவிய தலை. அந்த மேசையில் இருந்த கறியைச் சமைத்தது யார்? அந்த மேசை விரிப்பைத் துவைத்தது யார்? அந்தப் பாஷையை அந்தப் பிள்ளைகளுக்கு மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது யார்? கீழத்தெருத் தாய்மார்களே, நீங்கள்! உங்கள் வாயில் வளர்ந்த மொழி அவர்கள் வீட்டுப் பிள்ளையாகப் பதிவானது. உங்கள் கையில் பிசைந்த மாவு அவர்கள் பெயரில் சமையல் குறிப்பானது.

என் அக்கா சூசனா ஒருமுறை அழகுக் குழந்தைப் போட்டிக்குத் தன் மகன் படத்தை அனுப்பினாள். பதில் வந்தது. என்ன வந்தது? குல்லா பின்னும் முறை! சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள், அவளும் சிரித்தாள். “முகத்த மூடிக்கச் சொல்றாங்கடா கோபஸ்” என்றாள். அந்தக் குல்லாவையும் பின்னிப் போட்டுவிட்டாள். எங்களுக்குக் கோபமும் வந்தது, குளிரும் இருந்தது.

அப்படியிருந்தும் அந்தப் பத்திரிகையை நாங்கள் விடவில்லை. மேலத்தெரு வீடுகளில் படித்து முடித்த கட்டுகளைப் பின்கதவில் எடை போட்டு வாங்கி, கீழத்தெருவில் தாள் தாளாக விற்றேன்; என் முதல் வியாபாரம் அது. எதற்கு வாங்கினார்கள்? ஆகஸ்ட் மாதக் குளிர்காற்று பச்சைச் செங்கல் சந்துக்குள் நுழைந்து குழந்தையின் கன்னத்தைக் கடிக்குமே, அதற்கு! மாவைக் கரைத்துக் காய்ச்சிச் சுவர் முழுக்க ஒட்டினார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத கைகள் தலைகீழாகவும் ஒட்டின. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கழுத்தைச் சாய்த்துப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள்? கையைத் தூக்குங்கள்! பாருங்கள் எல்மரி அம்மா. இவர்களும் உங்கள் வாசகர்கள். தொடர்கதையின் பாதி ஒரு வீட்டிலும் மீதி பக்கத்து வீட்டிலுமாகப் படித்தவர்கள். கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதா என்று தெரிந்துகொள்ள, பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையைச் சமாதானம் பண்ணிக்கொண்டவர்கள்!

இப்போது லேனி டன்னி வீட்டுச் சுவருக்கு வருகிறேன்.

லேனி டன்னியின் தாய் கட்ரீன் ஃபோர்டெய்ன். துணி வெளுத்துப் பிழைத்தவர். மற்றவர்கள் தாளை ஒட்டினார்கள். கட்ரீன் தாளோடு மல்லுக்கு நின்றார். அடுப்புக்கு மேலே, ஒரு சுவர் நிறைய, அட்டைகளை மட்டும் ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். தன் வீட்டில் இருந்த நிழற்படங்களில் தலைகளை மட்டும் வெட்டி, அந்த அட்டைக் குடும்பங்களின் கழுத்துகளில் ஒட்டிவைத்தார்! பட்டு கவுன் உடுத்திய சீமாட்டியின் தோளில் கட்ரீனின் தலை. பைப் பிடிக்கிற பண்ணையாரின் உடம்பில் அவர் புருஷன் தலை. பல் ஒன்று போன அதே சிரிப்பு. கோப்பையை ஏந்தி நிற்கிற ரக்பி வீரனின் மார்புக்கு மேலே மகன் ஃப்ளோரிஸ்.

ஃப்ளோரிஸ், லேனி டன்னியின் தம்பி. கடற்கரைக்குப் போய் மீன்பிடிப் படகில் ஏறியவன். படகும் வரவில்லை, அவனும் வரவில்லை. அவன் முகம் இந்த உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அந்த அடுப்புச் சுவர். புகை படிந்துவிடக் கூடாதென்று ஈரத் துணியால் அவன் நெற்றியைத் தினமும் துடைக்கிறார் டன்னி. கெட்டில் சத்தம் போட்டால் “கத்தாத, ஃப்ளோரிஸ் தூங்குறான்” என்பார். தெருவில் இதை யாரும் கேலி செய்ததில்லை.

அந்தச் சுவரைத்தான் கேட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் டன்னி ஆளனுப்பினார், நான் போனேன். சமையலறையில் மிஸ்டர் பிரெஸ்காட், எல்மரி அம்மையார், மேசையில் பெரிய பால் டார்ட் பலகாரம். பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். வாங்க வருகிறவன் சரக்கைக் குறை சொல்வான், அது இயற்கை. இவர் சுவரைப் பார்க்கிறார், ‘அற்புதம்’ என்கிறார். சாணி மெழுகிய தரையைப் பார்க்கிறார், ‘அற்புதம்’ என்கிறார். ஓட்டைக் கூரை, அதுவும் அற்புதம்! பேரம் பேசாமல் புகழ்கிறவனிடம் என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும்.

என்ன வேணும் என்று கேட்டேன். ஒன்ஸ் லாம்ப்பைக் கீழத்தெரு எப்படி நேசித்தது என்று உலகத்துக்குக் காட்ட வேண்டுமாம். நகரத்துத் தலைமை அலுவலக வாசலில், கண்ணாடிக்குள், அந்தச் சுவரை நிறுத்த வேண்டுமாம். இங்கே புதுச் சுவர் எழுப்பி, நீல வண்ணமும் அடித்துத் தருவார்களாம்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? பின்னே நான் ஏன் சந்தேகப்பட்டேன்? ஒரு சின்ன சோதனை வைத்தேன். “என் வீட்லயும் சுவர் இருக்கு சார். இதைவிடப் பழசு. சும்மாவே தரேன், எடுத்துட்டுப் போங்க” என்றேன். எல்மரி அம்மையார் மொழிபெயர்த்தார். மிஸ்டர் பிரெஸ்காட் உடனே திருப்பிக் கேட்ட கேள்வியை அம்மையார் வாய் தவறிச் சொல்லிவிட்டார்:

“உங்க சுவர்ல தலை ஒட்டியிருக்கான்னு கேக்கிறார்.”

ஆஹா! அப்படி வாருங்கள் வழிக்கு! கீழத்தெருவின் நேசம் வேண்டுமென்றால் என் சுவரும் நேசம்தானே? இவருக்கு நேசம் தேவையில்லை, தலை தேவை. மெல்லக் கிளறினேன். “தலை எதுக்கும்மா?” என்றேன். கோப்பையில் அச்சடிக்க, சட்டையில் அச்சடிக்க, தோள்பையில் அச்சடிக்க! நகரத்துப் பிள்ளைகள் ஃப்ளோரிஸின் முகத்தில் காப்பி குடிக்க! “சுவருக்குக் கீழ யார் பேரப் போடுவீங்க?” என்று கேட்டேன். எல்மரி அம்மையார் டார்ட்டைப் பார்த்தார். டார்ட் என்ன சொல்லும்? கடைசியில் சொன்னார்: “பெயர் தெரியாத ஒரு வாசகின்னு போடறதா பேச்சு, ஊம் கோபஸ்.”

பெயர் தெரியாத வாசகி! மகள் கண்ணெதிரே நிற்கிறாள். தாயின் கல்லறையில் பெயர் வெட்டியிருக்கிறது. மேலத்தெருவில் பாதி வீட்டுப் படுக்கை விரிப்பை வெளுத்தவர். அவர் பெயர் தெரியாதாம்! குழந்தைப் படம் கேட்டு வாங்கிக் குல்லா அனுப்பிய அதே கை, இன்று தலையைக் கேட்கிறது, பெயரைத் தவிர்த்துவிட்டு.

லேனி டன்னி அதற்கு என்ன சொன்னார்? இங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மிஸ்டர் பிரெஸ்காட் கேட்டார், எல்மரி அம்மையார் நம் பாஷையில் சொன்னார்: “டன்னி, சுவர எடுத்துக்கலாம் இல்லையா?” டன்னி பெருமூச்சு விட்டார். சொன்னார்:

“யா-நிய... டீ ஆறிப்போவுது தம்பி, குடிங்க.”

யா-நிய! ‘ஆமாம்-இல்லை’! நமக்குத் தெரியாதா அந்த வார்த்தை? மழை வருமா? யா-நிய. ஆடு விலை இறங்கிப்போச்சே? யா-நிய. மருமகள் சொன்ன பேச்சைக் கேட்கிறாளா? யா... பாருங்கள், தாய்மார்களே நீங்களே முடித்துவிட்டீர்கள்! அது சம்மதமா? மறுப்பா? ‘நீ பேசினது காதில் விழுந்தது, உலகம் இப்படித்தான் இருக்கிறது, பதில் பிறகு வரும்’ என்பதற்கு நாம் வைத்திருக்கிற பெருமூச்சு அது. வந்த விருந்தாளி முகம் சுருங்கக் கூடாதென்று முன்னால் ஓர் ஆமாம் வைப்போம். அந்த ஆமாமுக்கு உயிர் கிடையாது.

மிஸ்டர் பிரெஸ்காட்டுக்குத் தெரிந்த ஒரே ஆஃப்ரிகான்ஸ் வார்த்தை ‘யா’. அதைக் கேட்டார், சிரித்தார், கை குலுக்கினார், அறுக்கும் இயந்திரத்தோடு லாரி வெள்ளிக்கிழமை வரும் என்றார். அந்தச் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது, அதைக்கூடக் கேட்கவில்லை. நான் குறுக்கே விழுந்தேன். “டன்னி ஒத்துக்கல சார்” என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். “அவங்க வாயால சொன்னாங்களே” என்றார். போய்விட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. மொழி தெரியாதவர், பாதி வார்த்தையை வாங்கிக்கொண்டு போனார். ஆனால் அங்கே முழு வார்த்தையையும் கேட்ட ஒருவர் இருந்தாரே? யா-நியவின் அர்த்தத்தைத் தாய்ப்பாலோடு குடித்த ஒருவர் இருந்தாரே? தொண்ணூறு வருடம் இந்த மொழியைக் காத்தோம், வளர்த்தோம் என்று இதே மேடையில் இப்போதுதான் பேசி அமர்ந்த ஒருவர் இருந்தாரே?

எல்மரி அம்மா, ஊர் முன்னால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். டன்னி சொன்னது சம்மதமென்றா உங்கள் காதுக்குக் கேட்டது?

பின்வரிசை, விசிலை நிறுத்துங்கள். அவர் எழுந்திருக்கிறார். பேசவிடுங்கள்.

...கேட்டதா எல்லாருக்கும்? மைக் அங்கே எட்டவில்லை, நான் திருப்பிச் சொல்கிறேன். “இல்ல ஊம் கோபஸ், அது பதிலே இல்லன்னு எனக்குத் தெரியும். அவர் அதுக்குள்ள கை குலுக்கிட்டார், நான் வாயத் திறக்கல” என்கிறார். கை தட்டாதீர்கள், கூச்சலும் போடாதீர்கள். வேலையில் இருக்கிறவருக்கு மேலாளர் எதிரே வாய் திறப்பது எளிதில்லை. இப்போது திறந்தாரே, அது எனக்குப் போதும். அம்மா, இதையும் அவர் காதில் சொல்லுங்கள்... சொல்கிறார். மிஸ்டர் பிரெஸ்காட்டின் கழுத்து சிவக்கிறது.

அவர் எழுந்துவிட்டார். டன்னியைப் பார்த்து நேராகவே கேட்கிறார். நல்லது! சுற்றிவளைக்காமல் கேட்கிறவரோடு வியாபாரம் பேசலாம். எல்மரி அம்மா, சொல்லுங்கள். “லேனி டன்னி, சுவர எடுத்துக்கலாமா, கூடாதா?”

டன்னி, எழுந்திருங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் கை கொடுங்கள். வேண்டாம் என்கிறார், தானே எழுகிறார். விருந்தாளி முகத்தை இன்று ஒருநாள் மறந்துவிடுங்கள் டன்னி. முன்னால் எதுவும் வைக்க வேண்டாம்.

“நிய.”

கேட்டீர்களா! ‘யா’ இல்லாத ‘நிய’! இல்லை! ஒரே ஓர் இல்லை! இந்த ஊரில் விருந்தாளிக்கு எதிரே, முன்னால் மெத்தை போடாத ஓர் இல்லையை நான் இதுவரை கேட்டதில்லை. இந்த மண்டபத்தில் எத்தனையோ கோஷம் எழுந்திருக்கிறது, எத்தனையோ கீதம் ஒலித்திருக்கிறது. ஒரு துவைக்கல்லின் மகள் சொன்ன இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக ஒன்று ஒலித்திருக்குமா? எங்கள் முகத்தை அட்டையில் போட மறுத்த காலத்தில், கத்தரிக்கோலை எடுத்துத் தானே அட்டையில் ஏறி உட்கார்ந்தாரே கட்ரீன், அன்றைக்கே அவர் சொல்லிவிட்ட இல்லை இது! மகள் இன்றைக்கு அதற்குக் குரல் கொடுத்தார்!

உட்காருங்கள், உட்காருங்கள். நாற்காலி மேல் ஏறாதே தம்பி, அது தேவாலயத்து நாற்காலி.

டன்னி இன்னும் நிற்கிறார். ஏதோ சொல்கிறார். “பத்திரிகை அட்டைக்குப் படம் புடிச்சிக்கிறதுன்னா புடிச்சிக்கட்டும் கோபஸ், அதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா அம்மா பேரப் பெருசா போடணும். கோப்பையில அவன் மூஞ்சி வேண்டாம், ஏற்கெனவே தண்ணியிலதான் போனான்.” ...இன்னும் இருக்கிறது, கேளுங்கள். “அப்புறம், அந்த ரக்பி சட்ட இல்லாம, ஃப்ளோரிஸ் மூஞ்சி மட்டும் பெருசா ஒண்ணு வேணும். அவன் எங்க வீட்டுப் புள்ள, எவனோ ஒருத்தன் ஒடம்புல எத்தன நாள்தான் நிப்பான்?”

மிஸ்டர் பிரெஸ்காட் தலையாட்டுகிறார். தலையாட்டினால் எனக்குப் போதாது சார். தலையாட்டலுக்கும் நாளைக்கு நீங்கள் ஓர் அர்த்தம் வைத்திருப்பீர்கள். வாயால் சொல்லுங்கள், எங்கள் பாஷையில் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரே வார்த்தையை, இந்த ஊர் கேட்கச் சொல்லுங்கள்.

...“யா” என்கிறார்! பின்னால் ஒன்றும் சேர்க்காத யா! போதகர் சாட்சி, ஊர் சாட்சி.

சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் சார். முதல் பிரதி கையில் வரும்வரை என் சந்தேகம் உங்கள் பின்னாலேயே வரும், கடன்காரன் மாதிரி. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், அடிப்பிடித்துப்போன ஆட்டுக்கறிகளுக்கும், நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தும் மணியடிக்காத போதகர் அவர்களுக்கும், எழுந்து பேசிய எல்மரி அம்மையாருக்கும் என் நன்றி. விளக்கு வாழட்டும், இனிமேலாவது எல்லாப் பக்கமும் வெளிச்சம் அடிக்கட்டும். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் என் அன்பு வணக்கம்.

உட்காரும் முன், பேசி முடித்ததை எல்லாரும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை லாரி வராது, சுவர் டன்னி வீட்டிலேயே நிற்கும். கேமரா வரும், டன்னி கதவைத் திறந்தால். கோப்பை, சட்டை, பை எதிலும் அந்த முகங்கள் ஏறக் கூடாது. தொண்ணூறாம் ஆண்டு இதழின் அட்டையில் அந்தச் சுவர், அதன் மேல், பத்திரிகையின் பெயர் அளவு எழுத்தில், ‘ஆக்கியவர்: கட்ரீன் ஃபோர்டெய்ன்’. இதெல்லாம் நிபந்தனை. விலை, மரச்சட்டம் போட்ட ஃப்ளோரிஸின் படம் ஒன்று, அவனுடைய முகம் மட்டும், டன்னி கையில்.